குழுவில் இல்லாத அயலவர்

பாண்டிருப்புக் கரையில் நேரிலும் கைபேசியிலும் மனிதர்கள் இணையும் விதம்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே கல்முனை நோக்கி வரும் பிரதான வீதியில் பெரியநீலாவணையைத் தாண்டினால் மருதமுனை. மருதமுனை முடிகிற இடத்தில் பாண்டிருப்பு தொடங்கிவிடும். அதையடுத்துக் கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர். புதிதாக வருபவருக்கு இது ஒரே நீண்ட ஊராகத் தெரியும். ஊர்க்காரருக்கு ஒவ்வொரு எல்லையும் மனப்பாடம். மருதமுனை முஸ்லிம் ஊர், பாண்டிருப்பு தமிழ் ஊர், கல்முனை நகரில் இரு தரப்பும் உண்டு, கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் முஸ்லிம் ஊர்கள், காரைதீவு தமிழ் ஊர், நிந்தவூர் மறுபடியும் முஸ்லிம் ஊர். இடையில் மதில் எதுவும் இல்லை. ஒரு குறுக்கு வீதியோ மதகோ எல்லையைச் சொல்லிவிடும். இரு பக்கமும் பேசுவது தமிழ்.

கிழக்கிலங்கையில் தமிழர், முஸ்லிம்கள் உறவைப் பற்றிப் பேசும் எந்த மேடையிலும் "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்ற உவமை வராமல் போகாது. ஒற்றுமைக்கு அடையாளமாக அதைச் சொல்வார்கள். அடுப்படியில் நின்று பார்த்தால் அந்த உவமை மேடையில் சொல்வதைவிடத் துல்லியமானது. குழலுக்குள் மாவையும் பூவையும் ஒன்றாகப் பிசைவதில்லை. ஒரு பிடி பூ, அதன்மேல் மா, மறுபடியும் பூ என்று அடுக்குவார்கள். எல்லாம் ஒரே ஆவியில் வேகும். தட்டில் விழும்போது அடுக்கு அடுக்காகவே விழும். இந்தக் கரையின் ஊர்களும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

சமூக ஊடகம் மனிதர்களை நெருங்க வைத்ததா, விலக்கி வைத்ததா என்று பொதுவாகக் கேட்கப்படுகிறது. பாண்டிருப்பைப் போன்ற ஓர் ஊரில் அந்தக் கேள்வியை இரண்டாகப் பிரிக்காமல் விடை காண முடியாது. அடுக்குக்குள் இருக்கும் உறவுக்கு என்ன ஆயிற்று? அடுக்குகளுக்கு இடையே இருந்த உறவுக்கு என்ன ஆயிற்று?

வீடும் குடியும்

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் கள ஆய்வு செய்தவர். 2008 இல் வெளிவந்த அவருடைய பெருநூல் இந்தக் கரையின் தமிழரையும் முஸ்லிம்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்கிறது. அதில் வெளியாருக்கு வியப்பூட்டும் செய்தி, இரு சமூகங்களின் குடும்ப அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே என்பது. இரண்டிலும் தாய்வழியில் தொடரும் குடி என்ற குலமுறை உண்டு. இரண்டிலும் கலியாணம் முடித்த ஆண் பெண்ணின் வீட்டுக்குப் போகிறான். இரண்டிலும் வீடும் வளவும் சீதனமாக மகளுக்குப் போகின்றன. கோயில் நிர்வாகத்தில் குடிகளின் சார்பில் வண்ணக்கர் இருப்பதுபோல, பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்காயர் இருந்தார்.

இதன் விளைவை எந்த ஒழுங்கையிலும் பார்க்கலாம். மூத்த மகளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவில் இன்னொரு வீடு கட்டுவார்கள். அது இளைய மகளுக்குப் போகும். ஒரு தலைமுறையில் அந்த ஒழுங்கை முழுவதும் அக்காவும் தங்கையும் பெரியம்மாவும் சின்னம்மாவுமாக நிறைந்துவிடும். வேலிக்கு நடுவே ஆள் நுழையும் இடைவெளி ஒன்று எப்போதும் இருக்கும். கறிக்கிண்ணம் அதன் வழியாகப் போய்வரும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை யார் பார்ப்பது என்பதும் அங்கேயே முடிவாகும். ஆண்களே வந்தேறிகள். பெண்களின் வலையமைப்பு பிறந்த நாள் முதல் அசையாமல் இருக்கிறது.

ஊர் அளவில் இந்தப் பிணைப்பைக் கோயிலும் பள்ளியும் கட்டிக் காக்கின்றன. பாண்டிருப்பு திரௌபதை அம்மன் ஆலயத்தின் உற்சவம் பாரதப் போரின் கணக்கில் 18 நாள்கள் நடப்பது. ஊரவர்களே பாண்டவராகக் கோலம் பூண்டு வனவாசம் போவதும், அருச்சுனன் தவமும், நிறைவில் தீமிதிப்பும் ஊர் முழுவதற்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் சடங்குகள். யார் எந்த நாளுக்குப் பொறுப்பு என்பதில் ஊரின் உறவுமுறையே தெரியும். தெற்கே கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகை நினைவாக நடக்கும் கொடியேற்று விழா அந்தப் பக்கத்துக்கு அதே பணியைச் செய்கிறது.

ஆனால் குடி ஒரே மாதிரி இருந்தும் கலியாணம் எல்லையைத் தாண்டுவதில்லை. எனவே குடிவழி உறவும் தாண்டுவதில்லை. அமைப்பால் ஒத்த இரண்டு வலைகள் பக்கத்தில் பக்கத்தில் விரிந்திருந்தும் ஒன்றோடொன்று முடிச்சிடப்படவில்லை. அந்த முடிச்சு வேறிடத்தில் விழுந்தது.

வாய்க்காலும் கடைத்தெருவும்

அது விழுந்த முதல் இடம் வயல். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு சேனநாயக்க சமுத்திரத்து நீர் இந்தக் கரையின் மேற்கே விரிந்த வட்டைகள் என்னும் வயல்வெளிகளுக்கு வருகிறது. வயல் ஊர் பார்த்து அமைவதில்லை. ஒரே வாய்க்காலில் மேல் வயல் மருதமுனைக்காரருடையது, கீழ் வயல் பாண்டிருப்புக்காரருடையது என்றிருக்கும். மேல் வயல்காரர் மடையைத் திறந்தால்தான் கீழ் வயல் நனையும். இருவரும் ஒரே வாரத்தில் விதைக்காவிட்டால் ஒருவரது பயிர் கதிர் விடும்போது மற்றவரது பயிர் பச்சையாக நிற்கும். பூச்சி ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும், அறுவடை முடிந்த வயலில் விட்ட மாடு அறுக்காத வயலில் இறங்கும். ஆகவே பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால் ஆரம்பக் கூட்டம் வைத்து விதைப்புத் திகதியையும் தண்ணீர் முறையையும் மாடு அகற்றும் நாளையும் எல்லோரும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். வட்டையை மேற்பார்க்கும் வட்டை விதானை எந்தச் சமூகத்தவராக இருந்தாலும் அவர் சொல் இரு பக்கத்துக்கும் செல்ல வேண்டும். இது அன்பினால் வந்த உறவு என்று யாரும் சொல்லமாட்டார்கள். தண்ணீருக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

இரண்டாவது இடம் கடைத்தெரு. மருதமுனைக் கைத்தறியில் நெய்த சாரனும் சேலையும், கரைவலையில் வந்த மீன், வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வரும் பாலும் தயிரும் எல்லாம் கல்முனைச் சந்தையில் சந்தித்துக் கொண்டன. வாடிக்கைக் கடைக்காரர், கடன் கொப்பி வைத்திருப்பவர், சட்டை தைப்பவர், விடிய மீன் கொண்டு வருபவர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபக்கத்தில் நாலைந்து முகங்கள் இருந்தன. அவர்கள் சொந்தக்காரர் இல்லை, நண்பர் என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் மகளின் கலியாணத்துக்கு அழைப்பு போகும், பெருநாளைக்கு வட்டிலப்பம் வரும்.

சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இத்தகைய மெலிந்த பிணைப்புகளின் வலிமையைப் பற்றியது. நெருங்கிய உறவினருக்கும் நண்பருக்கும் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதிய செய்தி எப்போதாவது சந்திப்பவரிடமிருந்துதான் வரும் என்பது அவர் வாதம். 2022 இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு லிங்க்ட்இன் தளத்தின் இரண்டு கோடிப் பயனர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தது. வேலை மாறுவதற்கு மிக நெருங்கியவர்களைவிட ஓரளவு மெலிந்த பிணைப்பினரே அதிகம் உதவினர் என்று அதுவும் கண்டது. வேலைச் செய்தியைப் போலவே ஊர்களுக்கு இடையே நம்பிக்கையும் இந்த வழியாகத்தான் போய் வருகிறது. மறுபக்கத்தைப் பற்றி ஒரு கதை வந்தால், "அப்படியா? நான் அவரைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்வதற்கு அங்கே ஒரு ஆள் வேண்டும்.

போதாமல் போன புன்னகை

இப்படி இருந்தும் இந்தக் கரையில் 1985 ஏப்ரலில் காரைதீவுப் பகுதியில் தமிழர், முஸ்லிம்களிடையே வன்முறை வெடித்தது. 1990 இல் கிழக்கு முழுவதும் இரு தரப்பிலும் பெரும் உயிரிழப்பும் இடப்பெயர்வும் நேர்ந்தன. படையினரும் ஆயுதக் குழுக்களும் அதில் வகித்த பங்கைச் சொல்லாமல் அந்த வரலாற்றைச் சொல்ல முடியாது. அதை ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அன்றாட நல்லுறவு ஏன் தாங்கிப் பிடிக்கவில்லை?

இந்திய நகரங்களைப் பற்றி அசுதோஷ் வார்ஷ்னே 2002 இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பயனுள்ள வேறுபாடு இருக்கிறது. கோழிக்கோட்டையும் அலிகாரையும் போல மக்கள்தொகை விகிதம் ஒத்த நகரங்களை இணை இணையாக எடுத்து, ஒன்றில் இந்து, முஸ்லிம் கலவரம் ஏன் மூள்கிறது, மற்றதில் ஏன் மூள்வதில்லை என்று அவர் ஆராய்ந்தார். அடுத்த வீட்டாரோடு பேசுவதும் விழாவுக்குப் போவதும் அன்றாடப் பழக்கம். தொழிற்சங்கம், வணிகர் சங்கம், வாசகசாலை, கட்சி என்று இரு சமூகத்தவரும் ஒரே அமைப்பில் உறுப்பினராக இருப்பது அமைப்புவழிப் பிணைப்பு. சிறிய ஊரில் முதலாவது போதலாம். நகரில் வதந்தியும் அரசியலும் நெருக்கும்போது இரண்டாவதுதான் தாக்குப் பிடிக்கிறது என்பது அவருடைய முடிவு.

கல்முனையில் நடந்தது இதற்கு நேர்மாறு. உள்நாட்டுப் போருக்குள்ளும் போருக்குப் பிறகும் பொது அமைப்புகள் ஒவ்வொன்றாக இரண்டாகின. நகரில் இன்று இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன: கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை, அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. சட்டம் தடுக்காவிட்டாலும் பழக்கத்தில் எது யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துவது பற்றிய தகராறு 2019 ஜூனில் உண்ணாவிரதம் வரை போனது. பாடசாலைகள் தமிழ்ப் பாடசாலை, முஸ்லிம் பாடசாலை என்று பிரிந்திருக்கின்றன. விடுமுறைக் காலமும் வேறு. ஒவ்வொரு பிரிவினைக்கும் அந்தந்தத் தரப்பில் நியாயம் உண்டு, அச்சமும் உண்டு. ஆனால் எல்லாவற்றின் கூட்டுத்தொகையில், ஒரு பாண்டிருப்புப் பிள்ளை பிறந்து படித்து நோயுற்று அலுவலகம் ஏறி இறங்கும் வரை மருதமுனைப் பிள்ளை ஒருவரோடு ஒரே வாங்கில் உட்கார வேண்டிய அவசியம் இல்லாமலே வாழ்ந்துவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது.

இதற்கு மாறான ஒரு காலமும் இங்கே இருந்தது. பெரியநீலாவணையில் கவிஞர் நீலாவணன் (1931–1975), பாண்டிருப்பில் சண்முகம் சிவலிங்கம், மருதமுனையில் மருதூர்க்கொத்தனும் மருதூர்க்கனியும், கல்முனைக்குடியில் எம்.ஏ. நுஃமான். ஈழத்துத் தமிழ்க் கவிதையின் முக்கியமான பெயர்கள் சிலவற்றின் வீடுகளை ஒரு சைக்கிளில் ஒரே மாலையில் சுற்றிவிடலாம். நீலாவணன் கல்முனையில் எழுத்தாளர் சங்கம் கண்டவர். நுஃமான் 1969, 1970 காலத்தில் 'கவிஞன்' இதழை நடத்தினார். 1984 இல் நுஃமானும் அ. யேசுராசாவும் தொகுத்த 'பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்' நூலில் நீலாவணனும் சண்முகம் சிவலிங்கமும் நுஃமானும் ஒரே அட்டைக்குள் இருக்கிறார்கள். இந்த வட்டத்தில் பலர் ஆசிரியர்கள். அவர்களைச் சேர்த்துவைத்தது நல்லிணக்கப் பிரசங்கம் எதுவுமில்லை. ஓசையைப் பற்றியும் பேச்சுமொழியைப் பற்றியும் தீராத வாக்குவாதம் இருந்தது. வாதாட எதிரே ஆள் வேண்டியிருந்தது. வார்ஷ்னே சொல்லும் அமைப்புவழிப் பிணைப்புக்கு இந்தக் கரையிலேயே கிடைக்கும் சிறந்த சான்று இது.

அமைப்பில்லாத நெருக்கம் நீடிக்காது என்பதற்கு 2004 டிசம்பர் 26 இன் சுனாமி சான்று. இலங்கையில் மிக அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோர வளவுகள் வரிசையாக அழிந்தன. முதல் நாள்களில் ஓடியவர்கள் கண்ணில் பட்ட பாடசாலையிலும் கோயிலிலும் பள்ளியிலும் ஒதுங்கினார்கள். யார் சமைத்த சோறு என்று யாரும் கேட்கவில்லை. பதிவேடும் வீட்டுத் திட்டமும் வந்ததும் கணக்கு ஊர்வாரியாக எழுதப்பட்டது. உதவி ஊருக்குள் வந்தது, ஊர் தன் அடுக்குக்குத் திரும்பியது.

கைபேசி எதை ஏற்றிக்கொண்டது

இந்த நிலத்தில்தான் கைபேசி வந்து இறங்கியது. அதற்கு முன்பே இங்கே தூரத்து உறவு பழகியிருந்தது. மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகவும் சாரதியாகவும் போனவர்கள், போரினால் இலண்டனுக்கும் கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போனவர்கள் எல்லோரும் முதலில் கடிதத்திலும் பிறகு கொமியூனிகேசன் கடையின் கண்ணாடிக் கூண்டிலும் வாழ்ந்தார்கள். நிமிடக் கணக்கில் காசு ஓடும்போது அழுகையைக்கூடச் சுருக்க வேண்டும். வளைகுடா நாடுகள் சிலவற்றில் வட்ஸ்அப் அழைப்புக்குத் தடை இருப்பதால் ஐஎம்ஓ வீட்டுக்கு வீடு பரவியது. கட்டாரில் இருக்கும் தாய் இன்று மகள் சடை பின்னுவதைத் திரையில் பார்த்துக்கொண்டே, வேலிக்கு அப்பால் இருக்கும் தங்கையை உரத்துக் கூப்பிடச் சொல்கிறாள். ஒழுங்கையில் இருந்த சகோதரிகளின் வலை அறாமல் கடல் கடந்து நீண்டிருக்கிறது. இதை இழப்பு என்று எழுத எந்த நியாயமும் இல்லை.

ஒரு மரணச் செய்தி இப்போது எப்படிப் போகிறது என்று பார்ப்போம். முன்பு மருதமுனையில் பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஜனாஸா அறிவித்தலைச் சொல்லும். பாண்டிருப்பில் ஆள்விட்டுச் சொல்வார்கள். வசதிப்பட்டால் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வீதி வீதியாக அறிவிப்பார்கள். தூரத்து ஊர்களுக்கு இலங்கை வானொலியின் மரண அறிவித்தல். ஒலிக்கு எல்லை கிடையாது. பள்ளியில் சொன்ன பெயர் பாண்டிருப்பின் வடக்கு வீடுகளிலும் கேட்டது. ஓட்டோவில் சொன்ன பெயர் மருதமுனைச் சந்தியிலும் விழுந்தது. "அட, நம்மட தையல்கார நானா" என்று யாராவது ஒருவர் சைக்கிளை எடுப்பார். இன்றும் அந்த ஒலி இருக்கிறது. ஆனால் செய்தி அதற்கு முன்னே குழுக்களில் போய்விடுகிறது: குடும்பக் குழு, கோயில் குழு, பள்ளி மஹல்லாக் குழு, உயர்தரத்தில் ஒன்றாகப் படித்தோர் குழு, வெளிநாட்டு ஊர்ச் சங்கக் குழு. நிழற்படம், அடக்க நேரம், நேரலை இணைப்பு எல்லாம் அரை மணியில் ரொறன்ரோவுக்கும் தோஹாவுக்கும் சேர்ந்துவிடும். தையல்கார நானாவிடம் முப்பது வருடம் சட்டை தைத்த பக்கத்து ஊர்க்காரர் அந்தக் குழு எதிலும் இல்லை. அவரை யாரும் விலக்கவில்லை. அவர் என்ன உறவு என்று சொல்லி ஒரு குழு தொடங்க யாருக்கும் தோன்றவில்லை.

குழு தொடங்குவதற்கு ஒரு பெயர் வேண்டும். குடிக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் வகுப்புக்கும் பெயர் இருக்கிறது. அவை அப்படியே கைபேசிக்குள் ஏறிவிட்டன, முன்னைவிட இறுகிவிட்டன. மடைக்கு மடை வயல்காரர், வாடிக்கைக்காரர், வழித்துணை போன்ற உறவுகளுக்குப் பெயர் இல்லை. அவை ஒரே சந்தையிலும் ஒரே வாய்க்காலிலும் கால் படுவதால் மட்டும் உயிரோடிருந்தவை. சாமான் வீட்டு வாசலுக்கு வந்து, நகரில் ஒவ்வொரு தரப்பும் தன் பக்கத்துக் கடைக்கே போகத் தொடங்கிய பிறகு அவை மெல்ல வற்றுகின்றன. இதற்கான பழியை முழுவதும் கைபேசியின் தலையில் போட முடியாது. அமைப்புகள் பிரிந்தபோது தொடங்கிய வேலையைக் கைபேசி விரைவுபடுத்தியது.

கேட்டுப் பார்க்க ஆளில்லாத கதை

அதன் விலை என்னவென்று 2018 இல் இதே மாவட்டம் கண்டது. பெப்ரவரி 26 அன்றிரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் வாடிக்கையாளர் ஒருவர் கறிக்குள் ஏதோ கட்டியைக் கண்டு சத்தமிட்டார். சிங்களவரை மலடாக்கும் மாத்திரை போடுகிறார்கள் என்ற கதை முன்பே உலவிக்கொண்டிருந்தது. கூட்டம் சூழ்ந்தது. சிங்களம் சரளமில்லாத காசாளர் மிரண்டுபோய் ஆமாம் என்ற பொருள்படும்படி ஏதோ சொன்னார். அதைக் கைபேசியில் பதிந்து பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாளில் கண்டி மாவட்டத்தின் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மூண்டது; அரசு மார்ச் மாதத்தில் முகநூலையும் வட்ஸ்அப்பையும் சில நாள்கள் முடக்கியது. கட்டி வெறும் மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வு பிறகு சொன்னது. 2020 மே மாதத்தில் முகநூல் நிறுவனம் தன் தளம் துர்ப்பிரயோகம் செய்யப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது.

இந்தச் சம்பவத்தை இணையத்தின் குற்றமாக மட்டும் வாசிப்பது எளிது. ஆனால் அது நேருக்கு நேர் நடந்த சந்திப்பில் தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். மனிதர்கள் ஒரே அறையில் நின்றார்கள். அவர்களுக்கிடையே பொது மொழியும் இல்லை, குறுக்கே வந்து பேசக்கூடிய பொது மனிதரும் இல்லை. இணையம் அந்த வெற்றிடத்தைப் படம்பிடித்து நாடெங்கும் கொண்டுபோனது. அந்தக் கடையில் பல நாள் சாப்பிட்டவர்களின் அனுபவத்துக்கு அந்தக் காணொளியில் இடமிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 26 அன்று, உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்கு ஐந்து நாள் கழித்து, அத்தாக்குதல்களோடு தொடர்புடையவர்களாய்ச் சாய்ந்தமருதில் பதுங்கியிருந்த குழுவினரின் வீட்டில் துப்பாக்கிச் சண்டையும் வெடிப்பும் நடந்தன. படையினர் அங்கே போனதற்குக் காரணம், வாடகைக்குப் புதிதாக வந்தவர்கள் மீது ஐயம் கொண்ட ஊர்க்காரர்கள் விசாரித்ததும் தகவல் கொடுத்ததும்தான். ஒரு ஒழுங்கையில் புதுமுகம் எத்தனை நாள் கேள்வியின்றி இருக்க முடியும் என்பதற்கு அது பதில். ஆனால் அதே வாரங்களில் நாடெங்கும் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லும் செய்திகள் கைபேசிகளில் ஓடியபோது, சாய்ந்தமருது ஊரார் செய்ததை அறிந்து சொல்ல அடுத்த அடுக்கில் போதிய வாய்கள் இருக்கவில்லை. அடுக்குக்குள் இருந்த விழிப்பு அடுக்கைத் தாண்டி நம்பிக்கையாக மாறவில்லை.

2019 ஜனவரியில் வட்ஸ்அப் வந்த செய்தியை ஒரே தடவையில் ஐந்து தனி அல்லது குழு உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி உலகெங்கும் கட்டுப்படுத்தியது. வதந்தியின் வேகத்தை அது குறைக்கலாம். வதந்தியை மறுக்க ஆள் தருவது தொழில்நுட்பத்தின் கையில் இல்லை.

எந்த உறவு நிற்கும்

ஒற்றுமை விழாவும் நல்லிணக்கக் கருத்தரங்கும் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல. படம் எடுத்து, தேநீர் குடித்து, அவரவர் ஊருக்குத் திரும்பும் கூட்டங்கள் அவை. அவற்றுக்கு அடுத்த வாரம் ஒருவரையொருவர் தேடவேண்டிய தேவை இருப்பதில்லை. மேலே பார்த்தவற்றில் தாக்குப் பிடித்த உறவுகளுக்கு ஒரு பொதுத் தன்மை உண்டு. வாய்க்காலில் தண்ணீர், எழுத்தாளர் வட்டத்தில் வாக்குவாதம், சந்தையில் கடன் கொப்பி: ஒவ்வொன்றிலும் மற்றவர் இல்லாமல் தன் வேலை நடக்காது.

அந்த வகையில் மிகப் பெறுமதியான அமைப்பு சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்கும் கமக்காரர் அமைப்பில் உறுப்புரிமையைத் தீர்மானிப்பது வயல். அந்த வட்டையில் வேளாண்மை செய்பவர் உறுப்பினராகலாம். ஊரையும் மதத்தையும் பொருட்படுத்தாத கணக்கு அது. அதன் கைபேசிக் குழுவில் மடை திறக்கும் நேரமும் உரம் வந்த செய்தியும் அறுவடை இயந்திரத்தின் வாடகையும் பேசப்படும்போது, இரு ஊர்க்காரர்களின் இலக்கங்களும் ஒன்றாகச் சேமிக்கப்படுகின்றன. வதந்தி வரும் நாளில் அந்த இலக்கம் கையில் இருக்கும். மீனவர் சங்கம், சந்தை வியாபாரிகள் சங்கம், கைத்தறி நெசவாளர் கூட்டுறவு, விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பு ஆகியவற்றையும் இதே அடிப்படையில் கட்டலாம். ஒன்றாக இருக்கும் அமைப்பை இரண்டாக்கும் கோரிக்கை வரும்போது, அதனால் ஒவ்வொரு தரப்புக்கும் கிடைக்கும் வசதியோடு இரு தரப்பும் இழக்கும் அறிமுகங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நேரில் பழகுவதா, கைபேசியில் பழகுவதா என்ற தெரிவு பாண்டிருப்புக்கும் மருதமுனைக்கும் இடையே எழவில்லை. இரண்டும் சேர்ந்தே இருக்கப்போகின்றன. எந்தப் பொது வேலைக்காக இருவரும் கூடியே ஆக வேண்டும் என்பதுதான் தீர்மானிக்க வேண்டியது. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆண்டுக்கு இரண்டு தடவை ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து விதைப்புத் திகதி குறிக்க வேண்டியவர்கள், ஒருவரைப் பற்றி ஒருவர் வரும் எந்தக் கதையையும் அவ்வளவு எளிதில் நம்பிவிடுவதில்லை.